எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவாத பெட்ரோலும்

சங்கத்தின் சொந்த வண்டியாகப் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்கள் சில உண்டு. நூல் சிப்பங்களைக் கொண்டு வரவும், நெய்து மடித்த சேலைகளை விற்பனை நிலையத்துக்கு அனுப்பவும் அவ்வண்டி பயன்படுகிறது. விவசாயிகளின் சங்கங்களிலோ விசைத்தெளிப்பான்களும் புல்வெட்டும் கருவிகளும் வாடகைக்கு விடப்படுகின்றன. சொந்தமாகக் கார் வாங்கியிருக்கும் அங்கத்தினர்களின் தொகையும் இன்று சிறிதன்று. 2025-ஆம் ஆண்டு முதல் இவர்கள் நம்மிடம் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோலை வண்டிக்குப் போடலாமா, அல்லது கலவாததைத் தேடிச் சென்று வாங்குவது நல்லதா என்பதே அது. கேட்பவர்களில் சிலர் கேள்வியோடு விடையையும் கொண்டு வந்துவிடுகின்றனர். கலந்த பெட்ரோல் எஞ்சினைத் தின்றுவிடும் என்பார் ஒருவர். கரும்பு விவசாயிக்கு வேண்டாதவர்கள் கட்டிவிட்ட கதை அது என்பார் மற்றொருவர். இவ்விரண்டு பேச்சையும் ஒரு புறம் வைத்துவிட்டு, கணக்கையும் காரணத்தையும் இங்கே பார்ப்போம்.

எத்தனால் என்பது சாராயமேயன்றி வேறன்று. சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ், அல்லது கரும்புச் சாறு, அல்லது மக்காச்சோளம், அரிசி போன்ற தானியங்களின் மாவு ஆகியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்து, நீரை ஏறத்தாழ முழுவதும் நீக்கினால் வண்டிக்கு ஏற்ற எத்தனால் கிடைக்கிறது. இதைப் பெட்ரோலில் கலப்பதும் நம் நாட்டுக்குப் புதிய எண்ணம் அன்று. விசைச் சாராயம் பற்றி 1948-லேயே மத்திய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நெடுங்காலம் ஏட்டில் இருந்து 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கப் பெற்றது. பல ஆண்டுகள் அதுவும் பெயரளவிலேயே நடந்தது. 2013-14-இல் நாடு முழுவதற்கும் சராசரிக் கலப்பு 1.5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதத்துக்கு முதலில் 2030 என்று வைத்திருந்த குறி முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-இல் அந்த அளவும் எட்டப்பட்டது. பங்குகளில் இ-20 என்று சொல்லப்படுவது இதுவே. நூறு லிட்டரில் இருபது லிட்டர் எத்தனால் என்பது பொருள்.

ஆகவே, கலந்ததா கலவாததா என்று கேட்கும் அங்கத்தினர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்முடைய வண்டியில் எத்தனால் புகுந்தது நேற்று அன்று. பல ஆண்டுகளாக அது சிறுகச் சிறுக ஏறி வந்திருக்கிறது. நேற்று நிகழ்ந்தது, அதன் பங்கு வெளிப்படையாகக் கணக்கில் தெரியும் அளவுக்கு உயர்ந்ததே.

கிலோமீட்டர்க் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனால் தருவது 21 மெகாஜூல் அளவே. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பத்துக்கு ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேலாக ஆற்றல் குறையும். ஐந்துக்கு ஒரு பங்கு கலந்தால் 6 முதல் 7 சதவீதம் குறையும். நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும், எத்தனால் அற்ற பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அவ்வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்றே மதிப்பிட்டது. 20 சதவீதத்துக்கென்றே எஞ்சின் சரிசெய்யப்பட்ட புதிய கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதமே. எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்ந்தது, ஏறத்தாழ 108. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் அமைத்த எஞ்சின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. பழைய எஞ்சினுக்கு அந்த உயர்வால் பயன் இல்லை.

இனி ஒரு கணக்கு. எத்தனால் இல்லாமல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பழைய கார் ஒன்று ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 800 லிட்டர் வேண்டும். கலந்த பெட்ரோலில் 6 சதவீதம் குறைந்து லிட்டருக்கு 14.1 கிலோமீட்டர் ஓடினால் 851 லிட்டர் வேண்டும். கணக்குக்கு எளிதாக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுச் செலவு 80,000 ரூபாயிலிருந்து 85,100 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் 5,100 ரூபாய். இது கண்ணை மூடிக்கொள்ளத் தக்க தொகை அன்று. ஒரு நெசவாளர் குடும்பத்தில் இத்தொகை எத்தனை நாள் தறியில் அமர்ந்து சம்பாதிப்பது என்பதை அவர்களே அறிவர்.

ஆனால் அதே அங்கத்தினர் எத்தனால் அற்ற பெட்ரோலைத் தேடிப் போனால் என்ன ஆகும்? 100 ஆக்டேன் எண்ணுள்ள தனிவகைப் பெட்ரோல் பெருநகரங்களில் சில பங்குகளில் விற்கப்படுகிறது. எத்தனால் கலவாதது என்று சொல்லப்படுவது அவ்வகையே. அதன் விலை சாதாரணப் பெட்ரோலின் விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். லிட்டர் 160 ரூபாய் என்று வைத்து 800 லிட்டருக்குக் கணக்கிட்டால் 1,28,000 ரூபாய் ஆகிறது. 5,100 ரூபாயைக் காப்பாற்றப் போய் 42,900 ரூபாயை இழந்தவர் ஆவார். நூறு ரூபாய்க் கலந்த பெட்ரோலுக்கு எதிரே கலவாத பெட்ரோல் 106 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் இரண்டும் சமம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மைலேஜுக்காக அன்றி வேறு காரணத்துக்காகக் கொடுப்பதே. அவ்வேறு காரணங்களும் சிலருக்கு உண்டு. அவற்றைப் பின்னர்ச் சொல்வோம். இங்கே ஓர் எச்சரிக்கை: விலை கூடிய பெட்ரோல் எல்லாம் எத்தனால் அற்றது அன்று. 95 ஆக்டேன் என்று பெயர் சூட்டி ஐந்தாறு ரூபாய் கூட்டி விற்பதை வாங்கிவிட்டு, எத்தனாலிலிருந்து தப்பினோம் என்று மகிழ்வோர் பலரைப் பார்க்கிறோம்.

இவ்வகைக் கணக்கைப் பொதுமக்களே போட்டுப் பழகிய நாடு பிரேசில். கரும்பு அதிகம் விளையும் அந்நாட்டில் 1975-இல் சாராய எரிபொருள் திட்டம் தொடங்கியது. 2003 முதல் எந்த விகிதத்திலும் இரண்டையும் ஏற்கும் கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. பங்கில் ஒரு குழாயில் முழு எத்தனாலும், மறு குழாயில் கலந்த பெட்ரோலும் கிடைக்கும். கலப்பு விகிதம் 2025 ஆகஸ்டில் 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனாலை நிரப்பு, மேலே போனால் பெட்ரோலை நிரப்பு என்பது அங்குள்ள ஓட்டுநர்களுக்கு வாய்பாடு. அமெரிக்காவில் 10 சதவீதக் கலப்பே பெருவழக்கு. எத்தனால் அற்ற பெட்ரோலும் சில இடங்களில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்குவோரில் பெரும்பாலோர் நாள்தோறும் காரோட்டுபவர் அல்லர். படகு வைத்திருப்போரும், புல்வெட்டும் கருவி வைத்திருப்போரும், பழங்காலக் கார்களைச் சேர்த்து வைப்போருமே. அவர்கள் ஏன் வாங்குகின்றனர் என்பது கீழே விளங்கும்.

விலை ஏன் குறையவில்லை?

ஆற்றல் குறைந்த பொருளைக் கலந்துவிட்டு அதே விலைக்கு விற்பது நியாயமா என்று அங்கத்தினர் கேட்பது முறையான கேள்வியே. நாம் குறிப்பிட்ட 2021 அறிக்கையிலேயே, கலந்த பெட்ரோலின் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலை விடக் குறைவாக இருத்தல் வேண்டும் என்ற யோசனை இருக்கிறது. அந்நாளில் எத்தனால் பெட்ரோலை விட மலிவாக இருந்தது. பின்னர் நிலைமை மாறிற்று. 2024-25-ஆம் பருவத்தில் மொலாசஸிலிருந்து வடித்த எத்தனாலுக்கு லிட்டர் ஒன்றுக்கு 57.97 ரூபாயும், மக்காச்சோளத்திலிருந்து வடித்ததற்கு 71.86 ரூபாயும் கொள்முதல் விலையாக இருந்தன. 2025 ஜூலை முடிய, போக்குவரத்தும் வரியும் சேர்த்துச் சராசரி விலை 71.32 ரூபாய் ஆயிற்று என்று பெட்ரோலிய அமைச்சகம் தெரிவித்தது. எனவே கலப்பதால் எண்ணெய் நிறுவனங்களுக்குப் பெரிய மீதம் இல்லை என்பது அரசின் விடை.

இவ்விலையில் விவசாயிக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சர்க்கரையை மூட்டையாக அடுக்கி விலை வரும்வரை காத்திருக்கும் ஆலை, கரும்புக்காரருக்குப் பணம் தரத் தாமதிக்கிறது. எத்தனாலுக்கோ எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து சில வாரங்களிலேயே பணம் வந்துவிடுகிறது. நிலுவைத் தொகைக்காக ஆலை வாசலில் நின்று பழகிய நம் கரும்பு அங்கத்தினர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். வடிசாலை இல்லாத ஆலையின் கரும்புக்காரருக்கு இந்தப் பயன் எளிதில் எட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபுறமும் ஒன்று இருக்கிறது. ஒரு டன் கரும்பின் சாற்றை நேரே வடித்தால் கிடைப்பது ஏறத்தாழ 70 லிட்டர் எத்தனால். மேற்படி அறிக்கையின் கணக்கில், சர்க்கரையிலிருந்து வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது. மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை 2023 டிசம்பரில் கண்டோம்; சர்க்கரை போதாமல் போகுமோ என்ற அச்சத்தால் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதை அரசே கட்டுப்படுத்தியது. பின்னர் மக்காச்சோளத்தின் பங்கு விரைந்து ஏறி, 2024-25-இல் அதுவே எத்தனாலுக்கு முதன்மை மூலப்பொருள் ஆயிற்று. பெரம்பலூரில் மக்காச்சோளம் விளைவிப்பவருக்கு அது நல்ல செய்தி. அதையே தீவனமாக வாங்கும் நாமக்கல் கோழிப்பண்ணையாளருக்கு அன்று.

பெட்ரோல் வாங்குபவருக்குத் தேர்வு உரிமை வேண்டும் என்று கோரி, எத்தனால் அற்ற பெட்ரோலும் எல்லாப் பங்குகளிலும் கிடைக்கச் செய்யவும், கலப்பு அளவைப் பங்கில் எழுதி வைக்கவும் உத்தரவிட வேண்டுமென உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி ஆயிற்று. எல்லாப் பங்கிலும் இரண்டு வகையும் வைப்பதற்குத் தனித்தனிக் கிடங்குத் தொட்டிகள் வேண்டும்; அது எளிதன்று என்பதை நாம் ஒப்புவோம். ஆனால் குழாயின் மேல் “இதில் எத்தனால் இத்தனை சதவீதம்” என்று எழுதி ஒட்டுவதற்கு எந்தத் தொட்டியும் வேண்டியதில்லை. நூல் சிப்பத்தின் மேல் நம்பர் எழுதாமல் விற்றால் நெசவாளர் வாங்குவாரா?

ஓட்டுநர் மீது வந்த பழி

இக்கணக்கை இத்தனை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாம் ஆய்வு செய்த சங்கம் ஒன்றில் வேன் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய நிர்வாகக் குழு தீர்மானம் போட ஆயத்தமாக இருந்தது. 2019-20-ஆம் ஆண்டின் ஓட்டப் பதிவேட்டில் அவ்வண்டி லிட்டருக்குச் சராசரி 14.5 கிலோமீட்டர் கொடுத்திருந்தது. 2025-இல் அது 13.8 ஆகிவிட்டது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது மூன்றரை லிட்டர் வித்தியாசம். மூன்றரை லிட்டர் எங்கே போயிற்று என்று குழுவினர் கேட்டனர். எங்கே போகிறது, டேங்கிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சத்தான் போயிருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஏனையோர் அதற்குத் தலையசைத்தனர். பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய ஓட்டுநர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பதிவேடுகளை வரிசையாகப் பார்த்தபோது சில விஷயங்கள் தெளிவாயின. குறைவு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2019-20-இல் கலப்பு ஏறத்தாழ 5 சதவீதம், 2025-இல் 20. இந்த உயர்வுக்கு மட்டுமே ஏறத்தாழ 5 சதவீத ஆற்றல் குறைய வேண்டும். இடையில் வண்டிக்கு ஐந்து வயதும் கூடியிருக்கிறது. உண்மையில் மைலேஜ் இன்னும் குறையாமல் இருந்ததற்கு ஓட்டுநரைப் பாராட்டியிருக்க வேண்டும். மேலும் ஒவ்வொரு மாதமும் எண்கள் 13.6-க்கும் 14-க்கும் இடையிலேயே நின்றன. திருட்டு இவ்வாறு ஒழுங்காக நடப்பதில்லை. அது ஒரு மாதம் 9 ஆகவும், மறு மாதம் 13 ஆகவும், ஆய்வு வரும் மாதம் திடீரென 14 ஆகவும் தாவும். தீர்மானம் கைவிடப்பட்டது.

நூல் கொடுத்துச் சேலை வாங்கும்போது சேதாரம் என்று ஒரு பங்கை நாம் ஒதுக்குகிறோம். நூல் நம்பருக்கு ஏற்ப அதை மாற்றவும் செய்கிறோம். பெட்ரோலின் தன்மை மாறும்போது அதன் கணக்கையும் மாற்றாமல், பழைய ஆண்டின் எண்ணைக் கொண்டு இன்றைய மனிதரை அளப்பது முறையாகாது. வண்டி வைத்திருக்கும் எல்லாச் சங்கங்களும் மைலேஜை மறுபடி ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அளக்கும் வழி எளிது. குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்கில் அதே முறையில் நிரப்புக. இப்போது பிடித்த லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் போதும். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் அவ்வப்போது போட்டுவிட்டு மைலேஜ் சொல்பவரின் கணக்கு நம்பத் தக்கதன்று.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

எஞ்சினைத் தின்றுவிடும் என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். எத்தனால் ஒரு கரைப்பான். சாதாரண ரப்பர், சிலவகைப் பிளாஸ்டிக்கு, தக்கை முதலியவை அதில் ஊறினால் வீங்கியும் விறைத்தும் கெடக் கூடும். நீரோடு சேர்ந்த எத்தனால் துத்தநாகம், அலுமினியம், பித்தளை போன்ற உலோகங்களை அரிக்கவும் வல்லது. பல ஆண்டுகளாகப் பழைய டேங்கின் அடியில் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடுகிறது. அது ஃபில்டரில் வந்து அடைத்துக்கொள்ள, வண்டி நடுவழியில் திணறி நிற்கும். கலந்த பெட்ரோலுக்கு மாறிய சில மாதங்களில் வரும் தொல்லைகளுள் இதுவும் ஒன்று. ஃபில்டரை மாற்றினால் தீர்ந்துவிடும். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டு வண்டியை விட்டுவிட வேண்டாம்.

அரசின் திட்டப்படி 2023 ஏப்ரல் முதல் உற்பத்தியாகும் வண்டிகளின் உறுப்புகள் 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பொருள்களால் ஆனவை. 2025 ஏப்ரல் முதல் எஞ்சினும் அதற்கெனச் சரிசெய்யப்பட வேண்டும் என்பது திட்டம். அத்தகைய கார் உள்ளவர் எத்தனால் அற்ற பெட்ரோலைத் தேடுவது வீண் செலவு. அதற்கு முந்திய வண்டிகளைப் பொறுத்தவரை, 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் உறுப்புகளையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரிடலாம் என்று அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அது சிறு செலவே என்றும் சொன்னது. சிறு செலவுதான், ஆனால் செய்யாமல் விட்டால் பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின் மேல் விழும். ஆதலால் பழைய வண்டி உள்ளவர்கள் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பெட்ரோல் டியூப்பை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிசுபிசுத்தாலும், வெடிப்பு கண்டாலும், பெட்ரோல் வாடை வீசினாலும் உடனே மாற்ற வேண்டும். கலந்த பெட்ரோலைப் போட்டால் காப்புறுதி செல்லாது என்று பரவிய செய்தியை அமைச்சகம் மறுத்துள்ளது.

வண்டியின் கைப்புத்தகத்திலும், பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் எந்த அளவுக் கலப்பு வரை ஏற்கும் என்று எழுதியிருக்கும். பழைய வண்டி விலைக்கு வாங்கும் சங்கம் இவ்விரண்டையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.

கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்குத் தனியே ஒரு சொல். ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஊசித்துளையின் அளவு பெட்ரோலுக்கென்று நிலைபெற்றிருப்பதால், கலந்த பெட்ரோல் வரும்போது காற்று மிஞ்சி எரிபொருள் குறைகிறது. வண்டி காலையில் பிடிக்க மறுக்கும், ஏற்றத்தில் இழுக்காது, எஞ்சின் சூடேறும். புதிய வண்டிகளில் ஆக்சிஜனை உணரும் கருவி ஒன்று புகையைப் பார்த்து அளவைத் தானே திருத்திக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அதை மெக்கானிக்தான் திருத்த வேண்டும். தேர்ந்த மெக்கானிக் சற்றுப் பெரிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்தித் தருவார்.

நீரும், நின்றுபோன வண்டியும்

மைலேஜ் அன்றி வேறு காரணம் என்று மேலே சொன்னது இதுவே. பெட்ரோல் நீரோடு சேராது. எத்தனால் நீரை விரும்பி இழுக்கும். சிறிதளவு ஈரம் சேர்ந்தால் எத்தனால் அதைத் தன்னுள் கரைத்துக்கொண்டு எஞ்சினில் எரித்தே விடுகிறது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது நன்மையே. நீர் அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். குளிர் கூடும்போது பிரிவு எளிதாகும். நீலகிரியில் உள்ள அங்கத்தினர் இதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோலை எடுக்கும் குழாய் அடியில் இருப்பதால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்த நீர்க்கலவையே. ஆகவே மழைக்காலத்தில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. நிறுத்தத்தான் வேண்டுமானால் டேங்கை நிரப்பி, மூடியை இறுக்கி நிறுத்த வேண்டும். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

வாங்கும் பெட்ரோலில் எத்தனால் உண்டா என்பதை அங்கத்தினர் தாமே சோதித்துப் பார்க்கலாம். அளவுக் கோடு உள்ள 100 மில்லிலிட்டர்க் கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பத்து நிமிடம் வைத்தால், நீர் அடியில் தங்கும். நீரின் எல்லை 10-இலேயே நின்றால் எத்தனால் இல்லை. இ-20 ஆனால் அதிலுள்ள எத்தனால் நீரோடு சேர்ந்து எல்லை 28-ஐ நெருங்கும். நீரில் ஒரு துளி சாயம் விட்டால் எல்லை நன்றாகத் தெரியும். நெசவாளர் ஊரில் சாயத்துக்குப் பஞ்சமில்லை. இதை வீட்டுக்குள்ளோ அடுப்பருகிலோ செய்யலாகாது. சோதித்த பெட்ரோலை டேங்கில் திருப்பி ஊற்றவும் கூடாது.

விசைத்தெளிப்பான், புல்வெட்டும் கருவி முதலிய சிறு எஞ்சின்களுக்கே இவ்விஷயத்தில் ஆபத்து மிகுதி. அவற்றில் பல, பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் வகையைச் சேர்ந்தவை. நீர் பிரிந்தால் எண்ணெய் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. அடியிலுள்ள கலவையில் எண்ணெயே இராது. எண்ணெய் இல்லாமல் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் பற்றிக்கொள்ளும். வாடகைக்கு எடுத்த விவசாயி கருவியைக் கெடுத்துவிட்டார் என்று அபராதம் போடுவதற்கு முன், சென்ற பருவத்தில் யார் எந்தப் பெட்ரோலோடு அதைக் கிடங்கில் வைத்தார் என்று பார்க்க வேண்டும். எத்தனால் அற்ற பெட்ரோல் அருகே கிடைக்குமானால் இக்கருவிகளுக்கு அதை வாங்குவதில் தவறில்லை. பருவத்துக்குச் சில லிட்டர்களே ஆவதால் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பற்றிக்கொண்ட பிஸ்டனைச் சரிசெய்யும் செலவு அதைவிட மிகுதி. கிடைக்காத ஊர்களில், இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, இறுக மூடும் பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். பருவம் முடிந்ததும் டேங்கில் உள்ளதை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியிருப்பதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துக. வடித்த தேதியை வாடகைப் பதிவேட்டில் கருவியின் எண்ணுக்கு எதிரே எழுதிக் காரியதரிசி கையொப்பமிட்டு வைத்தால், அடுத்த பருவத்தில் யார்மீதும் ஐயம் கொள்ள இடமிராது.